பரணுக்குப் பதினெட்டு அங்குலம்

ஹான்காக்
செப்டம்பர் 11, 1977

அன்புத் தங்கை லெம்பிக்கு,

முதலில் நல்ல செய்திகள். நம் ஜோலீன் நர்ஸ் பரீட்சையில் தேறி வெள்ளைத் தொப்பி வாங்கிவிட்டாள். மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது பக்கத்து நாற்காலிப் பெண்மணி "யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள். "என் பேத்தி" என்று நான் மூன்று வரிசைக்குக் கேட்கும்படி சொன்னேன். டுவேன் பள்ளி ஹாக்கி அணியில் கோல் காக்கிறான். முன்பல் ஒன்று போய்விட்டது. அதனால் என்ன, சிரித்தால் அப்படியே அவன் தாத்தா. சின்னவள் பெத்துக்கு மாவட்டக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. அஞ்சாம் வகுப்போடு நின்று மாடு கறக்கப் போனவளின் பேரப் பிள்ளைகள் இவர்கள் என்று பாதிரியாரே வியந்தார். நான் சொல்லவில்லை, அவராகச் சொன்னார்.

முழங்கால் வலியைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் மாப்பிள்ளை கார்லுக்கும் சுகம்தானே? போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நமக்குச் சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

அம்மா போன ஜனவரியில் "பனி உருகும் வரைக்கும்" என்று சொல்லிவிட்டு உன் வீட்டுக்கு வந்தாள். பனி உருகி, உருளைக்கிழங்கு நட்டு, தோண்டியும் ஆகிவிட்டது. அவள் பிறந்த நாளிலிருந்து டுலூத்தில் இருப்பவள் போல நீ அவளை வைத்துக்கொண்டிருக்கிறாய். காரில் ஏறும்போது அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "சைமா, இந்த வீடு குளிருதுடி." சரி, குளிர்தானே குறை? குளிரை நிறுத்திவிடுகிறேன். மாப்பிள்ளை உங்கள் பரணில் கண்ணாடிப் பஞ்சு போட்டிருக்கிறாராமே, எத்தனை அங்குலம்? என் பரணுக்கு எவ்வளவு வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? அவரிடம் கேட்டு எழுது. கிறிஸ்துமஸுக்கு அம்மா இங்கே இருக்க வேண்டும்.

அம்மா என்னைப் பற்றி என்ன பேசுகிறாள் என்றும் எழுது.

உன் அக்கா
சைமா

*

டுலூத்
செப்டம்பர் 25, 1977

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. ஜோலீனுக்கு என் வாழ்த்துகள். எங்கள் கிரெக் மினியாபொலிஸில் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அது அவனுக்குப் பிடிக்காது.

பரண் விஷயம். எங்கள் வீட்டில் பன்னிரண்டு அங்குலம். நம் பக்கத்துக் குளிருக்கு அதுவே போதும், மேலே போடுவது கோட்டின்மேல் கோட்டுப் போடுவதுதான் என்கிறார் கார்ல். கணக்கு எளிது என்கிறார். முதலில் பரணில் ஏற்கெனவே என்ன கிடக்கிறது, எவ்வளவு ஆழம் என்று நாலைந்து இடத்தில் குத்தி அளக்க வேண்டும். பிறகு பரணின் நீளம், அகலம். இந்த மூன்றையும் அனுப்பினால் மிச்சத்தை அவர் போட்டுத் தருவார். கண்ணாடிப் பஞ்சு தோலில் பட்டால் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்.

அம்மா நலம். நன்றாகச் சாப்பிடுகிறாள். போன வாரம் இங்கே சர்ச் விற்பனைக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டாள். பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அன்புத் தங்கை
லெம்பி

*

ஹான்காக்
அக்டோபர் 5, 1977

தங்கை லெம்பிக்கு,

நாங்கள் நலம். கிரெக் வக்கீலாகப் போவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஜோலீனின் தொப்பி அதற்குள் பழசாகிவிட்டது போலிருக்கிறது, அதனால் இப்போது இன்னொன்று: டுவேன் போன சனிக்கிழமை ஒரு கோல்கூட விடவில்லை.

அம்மா ரொட்டி சுட்டாளா? இங்கே அடுப்பு இல்லையா, மாவு இல்லையா? இங்கே நான் அவளை நாற்காலியை விட்டு எழ விட்டதில்லை. எண்பத்தெட்டு வயதுக்காரியை வேலை வாங்குகிறாய், அதைப் பெருமையாக வேறு எழுதுகிறாய்.

நேற்றுப் பரணில் ஏறினேன். பக்கத்துப் பண்ணை வைனோ கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான். அப்பா மரவாடியிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிய மரத்தூள் அப்படியே கிடக்கிறது. பின்னல் ஊசியைக் குத்தி அளந்தேன்.

"சைமாக்கா, மேல எலி இருக்கா?" என்று கீழேயிருந்து கத்தினான்.

"இருந்தா உனக்கென்ன? நீ கீழ நிக்கிற ஆளு."

"இல்லக்கா, எலி குடியிருந்தா நல்லது. அங்க சூடு இருக்குன்னு அர்த்தம். எங்க பரண்ல அதுங்களே வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிருச்சுங்க."

நடுவில் ஆறு அங்குலம் இருக்கிறது. ஓரங்களில் அமுங்கிப் போய் மூன்று. ஆறு என்று வைத்துக்கொள்ளச் சொல். நீளம் இருபத்தெட்டு அடி, அகலம் இருபத்து நான்கு.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அம்மா என்னைப் பற்றி என்ன சொல்கிறாள்?

சைமா

*

டுலூத்
அக்டோபர் 17, 1977

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் சுகம். ஏரியில் காற்று பலமாகிவிட்டது, அம்மாவுக்கு லேசான இருமல் வந்து போனது.

கார்ல் எழுதச் சொன்னதை வரிசை மாறாமல் எழுதுகிறேன். ஆழத்தில் எப்போதும் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டுமாம், அதிகத்தை அல்ல. குளிர் மெல்லிய இடத்தைத் தேடித்தான் வரும். ஆக மூன்று அங்குலம். அதுவும் பழைய தூள், அமுங்கியது. இரண்டு அங்குலப் பஞ்சுக்குத்தான் சமம். பன்னிரண்டில் இரண்டு போனால் பத்து அங்குலம் புதிதாகப் போட வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் அறுநூற்று எழுபத்திரண்டு சதுர அடி. ஒரு பை, பத்து அங்குல ஆழத்துக்கு முப்பத்தைந்து சதுர அடியை மூடும். இருபது பை வாங்கினால் போதும். பரப்பியபின் அமுக்கக் கூடாது, அமுக்கினால் அதன் பலன் போய்விடும். புகைபோக்கியைத் தொடாமல் விலக்கிப் பரப்ப வேண்டும்.

இன்னொன்று, இதை அடிக்கோடிட்டு எழுதச் சொன்னார்: கூரை வந்து சுவரில் உட்காரும் ஓரத்தில், வீட்டைச் சுற்றிலும் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே வந்து பரணின் மேற்பக்கத்தை உலர வைக்க வேண்டும். அதை மட்டும் அடைத்துவிடாதே.

அம்மா ஏரியில் போகும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பொழுது நன்றாகப் போகிறது.

அன்புடன்
லெம்பி

*

ஹான்காக்
அக்டோபர் 31, 1977

லெம்பிக்கு,

சுகம். அங்கும் சுகம்தான் என்று தெரிகிறது, கப்பல் எல்லாம் பார்க்கிறீர்கள்.

பரண் வேலை முடிந்தது. மாப்பிள்ளை இருபது பை சொன்னார். நான் முப்பத்திரண்டு வாங்கினேன். வைனோவின் டிரக் இரண்டு நடை போனது. கடைக்காரன், "அம்மா, வீட்டுக்கா இல்ல பனிக்கட்டி குடோனுக்கா?" என்று கேட்டான். "எங்கம்மாவுக்கு" என்றேன். 

உன் வீட்டில் பன்னிரண்டு அங்குலம். என் வீட்டில் பதினெட்டு. எழுதி வைத்துக்கொள்.

கை நுழையும் இடைவெளி என்று எழுதியிருந்தாயே, அதை நானும் வைனோவும் படித்தோம். குளிரை விரட்ட இத்தனை பஞ்சைப் போட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிக் குளிருக்கு வாசல் திறந்து வைக்க வேண்டுமாம்! நான் அஞ்சாம் வகுப்புதான், ஆனால் இதைப் புரிந்துகொள்ள அதுவே போதும். உன் வீட்டை விட என் வீடு சூடாகிவிட்டால் அம்மா இங்கே வந்துவிடுவாள் அல்லவா? சுவீடன்கார மாப்பிள்ளை உன் பக்கம்தானே பேசுவார். ஓரத்தில் ஒரு விரல்கூட நுழையாதபடி திணித்துவிட்டேன். மிச்சம் இருந்த பஞ்சையும் அங்கேதான் அமுக்கினேன்.

உடம்பெல்லாம் அரிப்பு. சவுனாவில் ஆவி பிடித்து உட்கார்ந்தால் தீரும் என்று பார்த்தேன், இரண்டு மடங்கானது. பரவாயில்லை. அம்மாவின் அறையில் இப்போது மெல்லிய சட்டையோடு உட்காரலாம். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்துக்கு அழைத்துக்கொண்டு வா.

சைமா

*

ஹான்காக்
டிசம்பர் 4, 1977

லெம்பிக்கு,

நன்றி நாள் வந்து போய்விட்டது. வான்கோழியை நானும் வைனோவும் அவன் மனைவியும் தின்றோம். டுவேனுக்கு அன்று ஆட்டம். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எல்லாரும் நலம் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். நலமாக இல்லாவிட்டால் எழுதியிருப்பாய்.

என் கூரையை நீ வந்து பார்க்க வேண்டும். இந்தச் சாலையில் எல்லார் கூரையிலும் பனி திட்டுத் திட்டாக உருகி, ஓரத்தில் ஈட்டி ஈட்டியாகத் தொங்குகிறது. என் கூரையில் விழுந்த பனி விழுந்தபடி நிற்கிறது. உள்ளே இருக்கும் சூடு ஒரு துளிகூட மேலே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது எல்லாரும் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். நான் காது கொடுத்துக் காத்திருந்தேன்.

வைனோ பார்த்துவிட்டுச் சொன்னான்: "சைமாக்கா, பனி அப்படியே நிக்குதே. ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கு."

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். அப்புறம் அவனுக்கு நான் காபி கொடுக்கவில்லை.

அம்மாவை எப்போது அழைத்து வருகிறாய்?

சைமா

*

டுலூத்
டிசம்பர் 15, 1977

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லாரும் நலம்.

கிறிஸ்துமஸுக்கு வர இயலாது. சாலையெல்லாம் பனி. இவ்வளவு தூரம் அம்மாவைக் காரில் உட்கார வைத்து அழைத்து வருவது சரியல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கிரெக்கும் விடுமுறைக்கு வருகிறான். ஜோலீனுக்குக் கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன். பின்னியது அம்மா.

உனக்கும் அங்கே எல்லாருக்கும் பண்டிகை வாழ்த்துகள். வசந்தம் வரட்டும், பார்ப்போம்.

லெம்பி

*

ஹான்காக்
பிப்ரவரி 19, 1978

தங்கை லெம்பிக்கும் மாப்பிள்ளை கார்லுக்கும்,

இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. கையுறை வந்தது. ஜோலீனுக்கு அளவு சரியாக இருக்கிறது. நீ எழுதாவிட்டாலும் அந்தப் பின்னலைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்திருக்கும். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

இங்கே என் வீட்டில் எல்லாம் மிக நன்றாக இருக்கிறது. சூடோ சூடு.

மாப்பிள்ளையிடம் ஒரு சின்னக் கேள்வி. என் வீட்டைப் பற்றி அல்ல. வைனோ வீட்டைப் பற்றி. இரண்டு நாளாக வெயிலடித்துக் குளிர் கொஞ்சம் இறங்கியது. உடனே வைனோ வீட்டுக்குள் மழை பெய்கிறது. வெளியே ஒரு சொட்டுக் கிடையாது, உள்ளே மழை. கூரையில் ஓட்டை எதுவும் இல்லை, ஏறிப் பார்த்தாயிற்று. பரணில் தலையை விட்டால், கூரைப் பலகையின் உட்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று உறைபனி. ஒவ்வொரு ஆணியின் நுனியிலும் ஒரு பனிக்கட்டி முத்து. அதெல்லாம் உருகிப் பஞ்சில் இறங்கி, பஞ்சு ஊறி, உத்தரப் பலகை வயிறு மாதிரி உப்பியிருக்கிறது. அது ஒரு அறையில். வயதானவர்கள் படுக்கும் அறை. அந்த மெத்தை நனைந்துவிட்டது. நான் பார்த்தேன், வைனோவின் மனைவி மெத்தையை அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு வரும்போது அழுதுவிட்டாள், பாவம்.

வைனோ என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் எழுதச் சொல். அவன் அவசரப்படுகிறான்.

சைமா

*

டுலூத்
மார்ச் 1, 1978

மதிப்புக்குரிய மதினி அவர்களுக்கு,

கார்ல் எழுதுவது. வணக்கம். என் மூட்டும் உங்கள் முழங்காலும் ஒரே ஜாதி, அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிடலாம்.

வைனோவிடம் சொல்லுங்கள்: வீட்டில் கெட்டிலில் கொதிப்பது, துணி உலர்வது, ஆள் மூச்சு விடுவது எல்லாம் ஈரமாகி மேலே போகிறது. வெளிக்காற்று வந்து அதை அடித்துக்கொண்டு போக வேண்டும். ஓரத்தை அடைத்துவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் கூரையில் உறைந்து, வெயில் வந்ததும் இறங்கும். ஓரத்தில் திணித்த பஞ்சை எல்லாம் பிடுங்கச் சொல்லுங்கள். நனைந்த பஞ்சை வெளியே எறியச் சொல்லுங்கள். அவன் பரணில் பதினெட்டு அங்குலம் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

வைனோவின் மனைவியை அழ வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இனி எழுதுவது என்னுடையது அல்ல. லெம்பி கடைக்குப் போயிருக்கிறாள். உங்கள் கடிதத்தை அவள் வாசிக்கும்போது அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். இவள் தெருமுனை தாண்டியதும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, "சுவீடன் மாப்பிள்ள, பேனாவ எடு" என்றார். உங்கள் தாய்மொழி எனக்குத் திட்டு வாங்கும் அளவுக்கு வரும். அதனால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சைமா, நான் குளிருக்காகப் போகலடி. அந்த வீட்டுக் குளிர்ல தானே உங்க எல்லாரையும் பெத்தேன். விறகு எடுக்கப் போனா ஓடி வந்து புடுங்குற. காபி போட எழுந்தா உக்காருங்குற. மாவுல கைய வெச்சா, 'ஏம்மா, நான் செத்தா போயிட்டேன்'ங்குற. நாற்காலியில உக்கார வெச்சு என்னைப் படம் மாட்டுன மாதிரி வெச்சிருந்த. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நீ பாசமாத்தான் செஞ்ச. அதான் குளிருதுன்னு சொல்லிட்டுக் கார்ல ஏறுனேன். நீ அதைக் கேட்டுட்டு ஊர்ப் பஞ்சை எல்லாம் வாங்கிப் பரண்ல ஏத்துவன்னு நான் கண்டேனா?

"அக்டோபர் மாசமே லெம்பி கிட்டச் சொல்லிட்டேன், சைமாவுக்கு எழுதுடி, நான் வர்றேன்னு. ரோடு சரியில்லங்குறா. ரோட்டுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. இங்க சவுனா கெடையாது, தொட்டியில படுக்க வெச்சுக் குளிக்கச் சொல்றாங்க, சூப்புல போட்ட கோழி மாதிரி. உன்னைப் பத்தித் தெனமும் கேக்குறேன். கேக்குறப்பல்லாம் அவ மூஞ்சி சுருங்குது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னைத் திணிச்சு அடைக்காதீங்கடி. கொஞ்சம் காத்துப் போக எடம் விடுங்க."

இவ்வளவுதான் சொன்னார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு மாவு பிசையப் போனார். இந்தக் கடிதம் லெம்பிக்குத் தெரியாது. தெரிந்தால் நான் கார் கொட்டகையில் படுத்துக்கொள்வேன், அங்கே பஞ்சு போடவில்லை.

தங்கள்
கார்ல்

*

ஹான்காக்
மார்ச் 19, 1978

லெம்பி,

நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன். சுகமாக இருக்கிறாயா?

அம்மா சொல்லச் சொல்ல மாப்பிள்ளை எழுதிய கடிதம் வந்தது. அவரைத் திட்டாதே. திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, நான் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மழை பெய்தது என் வீட்டில்தான். வைனோவின் பரணில் எலிகூட இல்லை, ஆனால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஓரத்துப் பஞ்சை நானும் அவனும் பிடுங்கினோம். ஊறிப்போன மூட்டைகளைக் கொட்டகைக்குப் பின்னால் குவித்திருக்கிறோம். அம்மா அறையின் உத்தரப் பலகையில் பாதியை மாற்ற வேண்டியதாயிற்று.

அதை விடு. நான் அவளை நாற்காலியில் மாட்டிய படமாக வைத்திருந்தேனாம். படித்துவிட்டு அந்த நாற்காலியில் நானே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் என் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அவள் சொன்னது என்னைச் சுட்டது. நீ சொல்லாமல் இருந்தது அதை விடச் சுட்டது. தினமும் கேட்டாளாமே. நான் கடிதத்துக்குக் கடிதம் கேட்டேன், என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று. நீ கப்பலைப் பற்றி எழுதினாய். அங்கே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், இங்கே நான் கேட்டுக்கொண்டிருந்தேன், நடுவில் நீ உட்கார்ந்திருந்தாய். ஏன் என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

சைமா

*

டுலூத்
ஏப்ரல் 9, 1978

அக்கா,

இங்கே நலம். கார்ல் வீட்டுக்குள்தான் படுக்கிறார்.

ஒரு வரியில் எழுதப் பார்த்தேன், வரவில்லை.

நான் மேல்படிப்புக்கு ஊருக்குள் தங்கப் போனபோது எனக்குப் பதினாலு வயது. அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா அலமாரியைத் திறந்து தங்க விளிம்பு வைத்த கோப்பையை எடுப்பாள். உனக்குக் கைப்பிடி உடைந்த கோப்பை. எனக்குப் பாதிரியாருக்குக் கொடுக்கும் கோப்பை. நீ நினைத்திருப்பாய், லெம்பிக்கு மட்டும் தங்கம் என்று. பெற்ற தாய் வீட்டில் விருந்தாளிக் கோப்பையில் காபி குடிப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? நீங்கள் இருவரும் மாட்டைப் பற்றியும் வைக்கோலைப் பற்றியும் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே பேசுவீர்கள். நான் உள்ளே வந்ததும் அம்மா குரலைத் தணித்து, "பயணம் சௌகரியமா இருந்துச்சாம்மா?" என்பாள். ஒரு தடவைகூட என்னைத் திட்டியதில்லை.

இங்கே வந்த மறுநாள் காலையில் என் சமையலறையில் நின்றுகொண்டு, "உப்ப எங்கடி கொண்டு போய் வெச்ச, கண்ணு தெரியுதா இல்லையா?" என்று கத்தினாள். நான் கிடங்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில். அன்றிலிருந்து தினமும் திட்டு. ரொட்டி வேகவில்லை, துணி வெளுக்கவில்லை, உன் புருஷன் சத்தம் போட்டுச் சாப்பிடுகிறான். ஒவ்வொன்றும் எனக்குக் கிடைத்த பரிசு.

ஆனால் எந்தத் திட்டும் உன்னிடம் போய்த்தான் முடியும். "சைமாவா இருந்தா..." என்பாள். "சைமா எப்ப வர்றா?" என்பாள். என் வீட்டு அடுப்படியில், நான் கொடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டு. அதைக் கடிதத்தில் எழுத என் கை வரவில்லை. நீ அறுபது வருஷம் வைத்திருந்தாய், எனக்கு ஒரு குளிர்காலம் வேண்டும் என்று நினைத்தேன். ஒரு குளிர்காலம் இரண்டானது.

மே மாதம் கடைசி வாரம் அழைத்து வருகிறோம். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது.

லெம்பி

*

ஹான்காக்
ஜூன் 18, 1978

என் தங்கை லெம்பிக்கு,

நீங்கள் இருவரும் சுகமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்தேன். இங்கே நானும் அம்மாவும் சுகம்.

நீ புறப்பட்ட அன்று உன் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளே ஒரு துள்ளல் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்தத் துள்ளல் இரண்டாம் நாள் வரைக்கும் நின்றது.

அம்மா விறகு சுமக்கிறாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சன்னலில் நின்று பார்க்கிறேன். அந்த முப்பத்திரண்டு பையைத் தூக்கியதுகூட இத்தனை கஷ்டமாக இல்லை. நேற்று ரொட்டியைக் கருக்கினாள். "அடுப்பு சரியில்ல" என்றாள். "ஆமாம்மா" என்றேன்.

மற்றபடி நாள் முழுக்க உன் பேச்சுதான். எழுதக் கூடாது என்று ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தேன். எனக்கு எரிகிறது, லெம்பி. ஆனாலும் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், ஒன்றும் குறைக்கவில்லை.

காலையில் நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு: "இது காபியா, மாட்டுக்கு வெச்ச தண்ணியா? லெம்பி கையில குடிச்சிப் பழகிட்டேன்."

சன்னல் பக்கம் உட்கார்ந்து: "அங்க கப்பல் போனா ரெண்டு பேரும் கை வேலைய அப்படியே போட்டுட்டு நிப்போம். லெம்பி கப்பல் பேரெல்லாம் படிச்சுச் சொல்லுவா. உன் சன்னல்ல வைனோதான் போறான். அவன் பேரு எனக்கே தெரியும்."

நான் துணி மடிப்பதைப் பார்த்து: "லெம்பி மூலைக்கு மூலை சரியா வெப்பா. படிச்சவ. படிச்சாலும் திட்டுனா வாங்கிக்குவா, உன்னை மாதிரி எதுத்துப் பேச மாட்டா. இத்தனை வருஷம் அவளைத் திட்டாம விட்டுட்டேனேன்னு இருக்கு."

போன சனிக்கிழமை சவுனாவில் நான் மேல் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆவியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "கொஞ்சம் தள்ளி உக்காருடி."

"ஏம்மா, இடம் இருக்கே?"

"லெம்பி வந்தா எங்க உக்காருவா?"

நான் தள்ளி உட்கார்ந்தேன். சுவரில் போய் இடித்துக்கொள்ளும் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்டில் வா. அவளாகக் கேட்க மாட்டாள், நான் கேட்கிறேன். ஒரு வாரத்துக்கு என்று வராதே, துணிமணி நிறைய எடுத்துக்கொண்டு வா. மாப்பிள்ளையும் வரட்டும், என் பரண் ஓரத்தில் அவர் கையை விட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

அதுவரைக்கும் ஒன்று செய். அம்மா படுக்கைக்குப் பக்கத்தில் என் பேரப் பிள்ளைகள் படம் எல்லாம் வரிசையாக நிற்கிறது, தொப்பியோடு ஜோலீன், பல் இல்லாமல் டுவேன், பரிசோடு பெத். உன் படம் என்று இந்த வீட்டில் இருப்பது கல்யாணத்தில் எடுத்தது ஒன்றுதான். அதில் நீ யாரோ ஒரு சினிமாக்காரி மாதிரி இருக்கிறாய். "இது அவ இல்ல" என்று அம்மா திருப்பி வைத்துவிட்டாள். இப்போது இருக்கிறபடி, நரையோடு, கண்ணாடியோடு, முடிந்தால் உன் அடுப்படியில் நின்றபடி, புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு. சீக்கிரம் போடு.

உன் அக்கா
சைமா